கொடைக்கு வந்த பிள்ளைக

போன மாசம் முட்டுவலித் தைலம் வாங்கப் போன வழியில, நான் வேல பாத்த வக்கீல் ஆபீசுக்குள்ள எட்டிப் பாத்தேன். ஆறு வயசுப் பய ஒருத்தன் நாற்காலியில சம்மணம் போட்டு உக்காந்து, போனை மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, வேற மாநிலத்துல இருக்க அவங்க அப்பாவுக்கு விழுந்த பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தான். அந்த மனுசன் போனுக்குள்ள இருந்துகிட்டு, "இன்னும் கொஞ்சம் வாயத் தொறலே, ஒண்ணும் தெரியல"ங்காரு.

"என்னட்டி இது, ஆபீச பல்லாஸ்பத்திரியா மாத்திட்டீகளா?"ன்னு ஜூனியர் பிள்ளைகிட்ட கேட்டேன்.

"இல்ல பாட்டி, கோர்ட்டு உத்தரவு. வாரத்துக்கு ரெண்டு தடவ அப்பா கூட வீடியோவுல பேசணும்."

நான் சேலத் தலைப்ப எடுத்து மூஞ்சியத் தொடச்சேன். "ஏன் பாட்டி அழுதீங்க?"ன்னா. "வேர்க்குதுட்டி"ன்னேன். ஏசி ஓடுத ரூமுல நின்னுக்கிட்டுச் சொன்னா யாரு நம்புவா. விடமாட்டேன்னுட்டா. எங்க வக்கீல் சங்கத்து மலருக்கு உங்க சர்வீசப் பத்திக் குடுங்கன்னு காகிதத்தோட வீட்டுக்கே வந்துட்டா. எனக்கு என் பேரு எழுதி முடிக்கவே ஒரு காப்பி குடிக்கிற நேரம் ஆகும். நான் சொல்லுதேன், நீ எழுது, உன் இங்கிலீச நடுவுல சொருகாதன்னு சொல்லிட்டு ஆரம்பிக்கேன்.

நான் படிச்சது மூணாங்கிளாஸ். அதுல ரெண்டு வருசம் இருந்தேன், அப்படிப் பாத்தா நாலு. அதுக்குப் பெறகு தீப்பெட்டி ஆபீசுல பெட்டி ஒட்டினேன். கண்ணு எரிச்சல் தாங்காம வெளிய வந்தப்ப, கோவில்பட்டியில புதுசா போர்டு மாட்டின ஒரு வக்கீலம்மா வீட்டுல கூட்டித் தொடைக்க ஆளு கேட்டாவ. கூட்டப் போனவ அங்கனயே இருபது வருசத்துக்கு மேல நின்னுட்டேன். டீ போட்டேன், கேஸ்கட்டத் தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்குப் போனேன், வந்த பொம்பளைக அழுதா தண்ணி குடுத்தேன், அவளுக பிள்ளைக அழுதா முறுக்கு குடுத்தேன். வேல படிச்ச லட்சணம் கேளுங்க. மொத வருசத்துல விவாகரத்து கேசுக்கு ஒரு புஞ்சத் தகராறு கட்டத் தூக்கிட்டுப் போயிட்டேன். வக்கீலம்மா பிரிச்சுப் பாக்காம நீட்டியிருந்தா, அன்னைக்கு ரெண்டு புஞ்சைக்கும் விவாகரத்து ஆயிருக்கும்.

வக்கீலம்மாவப் பத்திச் சொல்லணும். அவிய தாமிரவருணிப் பக்கத்து ஊர்க்காரவிய. வாய்க்கால்ல வருசம் பூராத் தண்ணி பாத்து வளந்தவிய. இங்கன வாக்கப்பட்டு வந்து வெயில்ல கறுத்தாவ. சத்தம் போட மாட்டாவ. கோவம் வந்தா என்னைய 'நீங்க, வாங்க'ன்னு பேசுவாவ. "முத்தக்கா, நீங்க கொஞ்சம் உள்ள வாங்க"ன்னா அன்னைக்கு எனக்குக் கெட்ட நேரம்.

கட்சிக்காரங்ககிட்ட கேக்கதுலயும் ஒரு தினுசு. கதைய முன்னால இருந்து சொல்ல விடமாட்டாவ. "நேத்து என்ன நடந்துச்சு? அதுக்கு முந்தின நாளு? அதுக்கும் முந்தி?"ன்னு பின்னாலயே கூட்டிட்டுப் போவாவ. முன்னால இருந்து சொன்னா எல்லாரும் ஒப்பிச்சு வச்ச கதையத்தான் சொல்லுவாக, பின்னால இருந்து சொல்லும்போதுதான் தடுமாறி நெசத்தக் கொட்டுவாகன்னு சொல்லுவாவ. கேக்கும்போது ஆளு மூஞ்சியப் பாக்கதில்ல. சுவத்துல தொங்குத காலண்டரப் பாத்துக்கிட்டே இருப்பாவ. வந்தவிய நெறயப் பேரு, இந்தம்மா நம்மளக் கவனிக்காம லீவு நாளு எண்ணுதுன்னு எங்கிட்ட கோள் சொல்லுவாக. பொம்பளை அழுகைக்கு எடம் கொடுக்கணும்னு தோணிட்டா, "முத்தக்கா, தண்ணி"ம்பாவ. நான் தண்ணியக் கொடுத்து, ஆள அடுக்களைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். என்னோட அடுக்களையில அழுதவ கணக்கெடுத்தா ஒரு கம்மா நெறையும்.

அப்படி ஒருத்தி ராசேசுவரி. தொண்ணூறுகள்ல நடந்தது. இடைசெவல் பக்கத்துத் தெலுங்குக் குடும்பத்துப் பொண்ணு. தீப்பெட்டி ஆபீசுல வேல பாக்கும்போது, நாகலாபுரம் பக்கத்து ஊரான் வேலுச்சாமியோட பழகி, ரெண்டு வீட்டையும் எதுத்துக் கட்டிக்கிட்டவ. அவன் தமிழ் பேசுத வீட்டுப் பையன். ஏழெட்டு வருசம் டவுன்ல நல்லாத்தான் இருந்தாக. அவன் அய்யா செத்ததும், காட்டப் பாக்க ஆளில்லன்னு அவன் ஊருக்குப் போயிட்டான். இவ அந்தப் பொட்டக்காட்டுக்கு வரமாட்டேன்னுட்டா. அடி கிடையாது, குடி கிடையாது. பேச்சு கொறஞ்சு கொறஞ்சு நின்னு போச்சு. கேசு நடந்துக்கிட்டு இருந்தப்ப பிள்ளைக ரெண்டும் அவகிட்ட. மூத்தவ கவிதாவுக்கு எட்டு வயசு. இளையவன் செல்வத்துக்கு மூணு.

ஒருநா பெட்டி படுக்கையோட வந்து நின்னா. "அம்மா, எங்க அண்ணன் குண்டூர்ல முறுக்குக் கட வச்சிருக்கான். வந்து இருன்னு கூப்பிடுதான். பிள்ளைகளக் கூட்டிட்டு இன்னைக்குச் சாயங்காலம் ரயிலேறுதேன்."

வக்கீலம்மா காலண்டரப் பாத்தாவ. "கேஸ் நடக்கும்போது கோர்ட்ட கேக்காம பிள்ளைகளோட ஸ்டேட் தாண்டினா, நாளைக்கு அவரு பிள்ளைகளத் தூக்கிட்டு ஓடிட்டான்னு மனு போடுவாரு. அப்புறம் பிள்ளைகளையே இழந்துருவ. பெட்டிய எறக்கு."

"அதுக்குள்ள நான் இங்கன என்னத்தத் திங்கது?"

"முத்தக்கா, தண்ணி."

அடுக்களையில அவ அழல. ஒரு தட்டுச் சோத்த முழுசாத் தின்னா. "பசிச்சிருக்கு, அதச் சொல்லாம ரயிலு கியிலுங்கியே"ன்னேன். சிரிச்சா.

அடுத்த வாரம் வேலுச்சாமிய அவன் வக்கீலோட வரச்சொல்லி நாலு பேரும் உக்காந்தாவ. வேட்டியில கரிசல் ஒட்டிக்கிட்டு, வாசல்லயே கால உதறிட்டு வந்தான். நான் கூட்டின வாசல். "ஏம்ப்பா, உன் புஞ்சைய இங்கன கொண்டு வந்து கொட்டுதியே, பட்டாவும் குடுத்துட்டுப் போ"ன்னேன். கூச்சத்தோட சிரிச்சான். நல்ல பய, என்ன செய்ய.

உள்ள போயி சிரிப்பில்ல. "மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போனா நான் எங்கன போயித் தேட? எனக்குக் குண்டூர் எந்தத் திக்குன்னே தெரியாது. தமிழ் பேசாத ஊருல என் பிள்ளைக வளந்து என்னைய யாருன்னு கேக்கும்"னான்.

வக்கீலம்மா சொன்னாவ, "மே மாசம் லீவுல இருபது நாள், பொங்கலுக்கு அஞ்சு நாள் கூட்டிட்டு வந்து உங்ககிட்ட விடணும்னு எழுதிருவோம். தேதி போட்டு எழுதினா யாரும் மீற முடியாது."

"மே மாசத்துல நான் வெறுங்காட்டுல என்ன செய்வேன்? எங்க காளியம்மன் கோயில் திருவிழாவுக்கு, கொடைக்கு வரட்டும். சித்திரையில பத்து நாளு. ஊரு பூரா நிக்கும்போது என் மகன் என் தோளுல உக்காந்து சாமி பாக்கணும். பொண்டாட்டி போயிட்டா, பிள்ளைகளும் போயிட்டுன்னு பேசுத வாயெல்லாம் அடைக்கணும். கொடைன்னு எழுதுங்க."

"கொடைக்குத் தேதி?"

"சித்திரை ரெண்டாஞ் செவ்வா. எங்க தாத்தன் காலத்துல இருந்து அதுதான்."

ராசேசுவரியும் தலைய ஆட்டினா. அவளும் ரெண்டு கொடை அங்கன பொங்கல் வச்சவ. ஸ்கூல் லீவும் அப்பத்தான் வருது. "நான் கூட்டிட்டு வாரேன்மா. சாமி காரியத்துல ஏமாத்த மாட்டேன்"னா. எழுதியாச்சு. வருசந்தோறும் ஊர்க் கொடை நடக்கும்போது பிள்ளைகள வக்கீல் ஆபீசுல வச்சுத் தகப்பன்கிட்ட ஒப்படைக்கணும், பத்து நாளு கழிச்சு தகப்பன் அதே எடத்துல திருப்பி ஒப்படைக்கணும். ரெண்டு பேரும் கையெழுத்து. கோர்ட்டுலயும் பதிஞ்சு, ராசேசுவரி குண்டூர் போக அனுமதியும் வாங்கியாச்சு. நான் எல்லாருக்கும் டீ போட்டேன், சீனி கூடுதலா.

அந்த ரூமுல வக்கீலம்மாவத் தவிர அத்தன பேரும் கரிசக்காட்டு ஆளுக. வக்கீலம்மா ஊருல ஆத்துத் தண்ணி, கொடை தவறாது. எங்க ஊருகள்ல ஐப்பசி மழ பெஞ்சாத்தான் வெள்ளாம, வெள்ளாம வந்தாத்தான் கோயில் வரி பிரியும், வரி பிரிஞ்சாத்தான் கொடை. இது இங்கன பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். அன்னைக்கு ஒருத்தர் வாயில இருந்தும், "மழ இல்லன்னா என்ன செய்ய?"ன்னு ஒரு கேள்வி வரல. வராது. விதைக்கிற சம்சாரி முன்னால அப்படிக் கேட்டா எங்க பக்கம் அது கேள்வி இல்ல, சாபம். எல்லாத்தையும் பின்னால இருந்து கேட்டுப் பழகின வக்கீலம்மாவுக்கும் அது தெரியல. ஊர் பூராவும் வாய்க்குள்ள வச்சிருக்கதக் காலண்டர்ல எங்கன தேட?

அந்த வருசம் ஐப்பசி காஞ்சு போச்சு.

பருத்தி முழங்கால் ஒசரத்துல நின்னு கருகிச்சு. சித்திரையில வேலுச்சாமி வந்தான். கால உதறல, உதற மண்ணே இல்ல. "கொடை வைக்கலைன்னு ஊருல முடிவு பண்ணிட்டாகம்மா. பிள்ளைகள எப்ப வரச்சொல்ல?"

வக்கீலம்மா அன்னைக்கே குண்டூருக்குப் போன் போட்டாவ. முறுக்குக் கடைக்குப் பக்கத்துக் கட நம்பரு அது. ராசேசுவரி வந்து பேசினா. "கொடை இல்லாம எதுக்கும்மா? இப்பத்தான் தையக் கடையில சேந்திருக்கேன், லீவு கேட்டா வேண்டாம்னுருவான். தாளுல கொடைன்னுதான இருக்கு? அடுத்த வருசம் கண்டிப்பா வாரேன்"னா. அவ ஏமாத்துதான்னு நான் சொல்லமாட்டேன். புதுசா ஒரு ஊருல காலூனுதவ, ஊனுன கால எடுக்கப் பயப்படுதா. ஆனா தாளு அவ பக்கம் நின்னுச்சு.

வக்கீலம்மா அவளோட வக்கீலு, இவனுக்காக மனு போட முடியாது. இருந்தும் மேசைக்கு அந்தப் பக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்து சொன்னாவ. "வேலுச்சாமி, உங்க வக்கீல்கிட்ட சொல்லி மாத்தி எழுதச் சொல்லுங்க. கொடைங்கத எடுத்துட்டு மே மாசம்னு போட்டு ஒரு மனு. நான் எதுத்துப் பேசமாட்டேன்."

அவன் துண்ட உதறித் தோளுல போட்டான். "கொடைய அழிச்சுட்டு மே மாசம்னு எழுதச் சொல்லுதீங்க. இனிமே எங்க ஊருல மழ பெய்யாது, எங்க ஆத்தாளுக்குக் கொடை கெடையாதுன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரில்லாம்மா ஆயிரும்? நான் வெதைக்கணும்லா?"

வக்கீலம்மா அந்தத் தாள மடிச்சுக் கட்டுக்குள்ள வச்சாவ. நான் அடுக்களை வாசல்ல நின்னவ, உள்ள போயி டீக்கு அடுப்பப் பத்த வச்சேன்.

அவன் போனபெறகு அவிய எங்கிட்ட, "முத்தக்கா, உங்களுக்குத் தெரியும்லா? மழ இல்லேன்னா கொடை இல்லேன்னு?"ன்னாவ.

"தெரியும்மா."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஊருக்கு பஸ் ஏறும்போது, இந்த பஸ்சு கவுந்தா என்ன செய்வீங்கன்னு நான் கேட்டிருக்கனா?"

காலண்டரப் பாக்காம என் மூஞ்சியவே பாத்தாவ. அதுக்குப் பெறகு எந்தச் சம்மதத் தாளுலயும் கொடை, திருவிழா, அறுவடைன்னு ஒரு வார்த்த வர விடமாட்டாவ. தேதி, மாசம், அவ்வளவுதான். ஜூனியர்மாரு இத எழுதி வச்சுக்கிடுங்க. ஆனா அந்தத் தாளுக்கு அது பிந்திப் போச்சு.

ரெண்டாவது வருசமும் மழ ஏமாத்திட்டு. ஊர்க்கூட்டத்துல வேலுச்சாமி எந்திரிச்சு நின்னு, என் ஆட்டுக்குட்டிகள வித்துத் தாரேன், சின்னதா ஒரு கொடை வைங்கன்னு கேட்டிருக்கான். "ஒத்த ஆளு வைக்கதுக்கு அது உன் வீட்டுப் பொங்கலா? ஊரு கூடி வைக்கணும்"னு உக்கார வச்சுட்டாக. மூணாவது வருசம் ஆபீசுக்கு வரவே இல்ல. பஸ் ஸ்டாண்டுல ஆளப் பாத்தேன், கையில சாட்டைக்கம்பு, மாடு இல்ல.

"என்னய்யா, மாட்ட எங்கன? டிக்கெட் எடுத்துப் பின்னால வருதா?"ன்னேன்.

"வித்துட்டேன்க்கா"ன்னான். அந்தக் கேள்விய நான் கேட்டிருக்க வேண்டாம்.

நாலாவது வருசம் வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. தை மாசமே ஓடி வந்தான். "யக்கா, கம்பும் உளுந்தும் நெறஞ்சு போச்சு. வரி பிரிச்சாச்சு. கொடை உண்டு. குண்டூருக்குச் சொல்லிருங்க"ன்னு வாசல்ல இருந்தே சத்தம் போட்டான். அவ்வளவு மண்ணு ஒட்டிக்கிட்டு வந்த காலுக்கு அன்னைக்கு நானே ஒரு செம்புத் தண்ணி மோந்து குடுத்தேன். வக்கீலம்மா போன் போட்டாவ. ராசேசுவரி மறு பேச்சு பேசாம வாரேன்னா.

சொன்ன நாளுல பிள்ளைகளக் கூட்டிட்டு வந்து நின்னா. கவிதா நெடுநெடுன்னு வளந்துட்டா. செல்வம் ஏழு வயசுப் பய, மூக்கும் மோவாயும் அப்பனை உரிச்சு வச்ச மாதிரி. ஆனா வேலுச்சாமியக் காணோம். காப்புக் கட்டியாச்சு, அவன் தீச்சட்டி எடுக்கதா நேந்திருக்கான், காப்புக் கட்டினவன் ஊர் எல்ல தாண்டக் கூடாதுன்னு போன் வந்துச்சு. இந்தச் சந்தோசத்துல இதயும் மறந்துட்டுத்தான் நாள் குறிச்சிருக்கோம். ராசேசுவரி அந்த ஊருக்குள்ள கால வைக்கமாட்டேன்னுட்டா. வக்கீலம்மா என்னையப் பாத்தாவ. நான் செருப்ப மாட்டினேன்.

நாகலாபுரம் பஸ்ல ஜன்னல் ஓரம் பய. அவனுக்குத் தமிழ் ஒண்ணு ரெண்டு வார்த்ததான். வீட்டுலயும் தெலுங்கு, பள்ளிக்கூடத்துலயும் தெலுங்கு. எங்க தெருவுல பாதித் தெலுங்கு வீடு, எனக்கு நல்லாப் பேச வரும். "பாருலே, எவ்வளவு கருப்பு மண்ணு, கைய வச்சா ஒட்டிக்கிடும்"னு தெலுங்குல சொன்னேன். "எங்க ஊருலயும் இப்படித்தான் இருக்கும்"னான், பெரிய மனுசன் மாதிரி. எங்க ஊருன்னா அவனுக்குக் குண்டூரு. கவிதா மட்டும், "பாட்டி, இந்த ஓடையத் தாண்டினா எங்க புஞ்ச வரும்லா?"ன்னு தமிழ்ல கேட்டா. அவ ஒண்ணையும் மறக்கல.

ஊர் எல்லையில வேலுச்சாமி நின்னுக்கிட்டு இருந்தான். மஞ்ச வேட்டி, கையில காப்பு. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி கூட வைக்கல. கவிதா "அப்பா"ன்னு ஓடினா. பய என் சேலயப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டான். வேலுச்சாமி ரெண்டு கையையும் நீட்டினான். பய போகல. நீட்டின கைய என்ன செய்யன்னு தெரியாம மடிச்சு வேட்டியச் சரி பண்ணிக்கிட்டான்.

"தம்பிகிட்டக் கேளு தாயி, அப்பாவ ஞாபகம் இருக்கான்னு"ன்னான் மகள்கிட்ட.

கவிதா குனிஞ்சு தெலுங்குல கேட்டா. அந்தப் பய அவள ஒரு மாதிரிப் பாத்து, தெலுங்குல, "நாய்னா கடையிலல்லா இருக்காரு. இவரு யாரு?"ன்னான். மாமன் பிள்ளைக மாமன நாய்னான்னு கூப்பிடுதுக, இவனும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டான். நாய்னான்னா அப்பா.

கவிதா நிமிந்தா. கண்ணு படபடக்க, "இருக்குன்னு சொல்லுதான்ப்பா. நல்லா ஞாபகம் இருக்காம்"னா.

"ம்... இல்லாம எங்க போகும்"னான் வேலுச்சாமி.

கல்யாணமான நாள்ல இருந்து அவன் வாயில தெலுங்கு வந்து யாரும் கேட்டதில்ல. பகை தீந்த பெறகு மாமனார் வீட்டுல கூடத் தமிழ்தான் பேசுவானாம், அந்த வீம்பு ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவன் அந்தப் பய முன்னால முட்டிபோட்டு உக்காந்து, மெதுவா, ஒரு வார்த்த தப்பில்லாம, தெலுங்குல கேட்டான்: "மேளம் அடிக்காங்க, பாக்கப் போவமா? என் தோளுல ஏறிக்கிடுதியா?"

பய தலைய ஆட்டினான். கவிதா அப்பனையே பாத்துக்கிட்டு நின்னா. அப்பனுக்குத் தெலுங்கு தெரியும், தம்பி சொன்னது அத்தனையும் காதுல விழுந்திருக்குன்னு அவளுக்கு அப்பத்தான் பொறி தட்டியிருக்கு. பெறகு என்னையப் பாத்தா. நான் செருப்புல முள்ளு ஏறிட்ட மாதிரி குனிஞ்சு, இல்லாத முள்ளத் தேடிக்கிட்டு இருந்தேன். நிமிந்தப்ப, மகனத் தோளுல வச்சுக்கிட்டு, மகள் கையப் பிடிச்சுக்கிட்டு, ஊரு பூரா பாக்க அவன் மேளத்தப் பாத்து நடந்துக்கிட்டு இருந்தான்.